மேல்மாடி, கடல் தெரியும் அறை

காலையில் ஊழியர் பேருந்திலிருந்து இறங்கியதும் அபீர் செய்கிற முதல் வேலை, அன்றைக்கு வரப்போகிறவர்களின் ஆசைகளைப் படிப்பது. ரிசப்ஷனுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நாள் முழுக்க முனகும் ஏசி. தேநீரை ஊதிக் குடித்தபடி திரையைத் தள்ளிக்கொண்டே போவாள். மேல்மாடி வேண்டும். கடல் தெரிய வேண்டும். நீச்சல் குளத்துச் சத்தம் கேட்கக் கூடாது. தனிக் கட்டில்களைச் சேர்த்துப் போடவும். சேர்ந்திருப்பதைப் பிரித்துப் போடவும். குழந்தைக்குத் தொட்டில். மாமியாருக்குத் தனிக் கட்டில், ஆனால் அதே அறையில்.

முன்பு இப்படி இல்லை. விருந்தினர்கள் பெட்டியும் பிள்ளையுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். செங்கடல் கரையிலுள்ள ஹுர்காதாவின் வெயிலில் களைத்துப்போய், கேட்க நினைத்ததில் பாதியை மறந்துவிடுவார்கள். மீதிக்கு, "நாளைக்குப் பாக்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்று சிரித்தால் போதும். இப்போது வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி போனிலேயே செக்-இன் முடிந்துவிடுகிறது. விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டுகிறார்கள். தட்டியவுடன், 'உங்கள் விருப்பமே எங்களுக்குக் கட்டளை' என்று பதில் போகிறது. எல்லாரும் மரியாதையாக 'பே' என்று அழைக்கும் மேனேஜர் ஹாசெம் தானே யோசித்து எழுதிய வாசகம் அது. விருந்தினர் கதவைத் திறக்கும்போது கேட்டதெல்லாம் அறைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹோட்டலுக்கு ஒரு நட்சத்திரம் குறையும்.

கட்டளையை நிறைவேற்றுகிறவன் கினாவி. கடலுக்குப் பக்கத்திலிருந்த ஆறாவது கட்டிடம் அவன் பொறுப்பு. மூன்று மாடி. மீனவர் குடியிருப்பு மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டியதால் லிப்ட் வைக்கவில்லை. கூடுதல் கட்டில்களும் தொட்டில்களும் தரைத்தளத்துக் கிடங்கில் கிடக்கும். ஆள் வருவதற்கு முன் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், போனதும் இறக்க வேண்டும். மறுநாள் வேறொருவர் கேட்டிருப்பார்.

பெருநாள் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு அறையின் குளியல் குழாய் சரியானதா என்று பார்க்கப் போன அபீர், கினாவி குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சட்டையை மேலே தூக்கிப் பிடித்து, இடுப்பில் அகலமான பட்டை ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"என்னண்ணே இது?"

அவன் சட்டையை அவசரமாக இறக்கினான். "ஒண்ணுமில்ல தாயி. யாருகிட்டயும் சொல்லிடாத."

"ஆபரேஷனா?"

"பெருநாளுக்கு ஊருக்குப் போனேன்ல, அப்ப. குடலிறக்கம்."

"வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னாரா?"

"கனமா எதையும் தூக்காதேன்னாரு. என்ன வேலை பாக்குறேன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வயிற்றில் போய் இடித்ததும் கையால் அழுத்திக்கொண்டான்.

"ஹாசெம் பேகிட்ட சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு வேற வேலை குடுப்பாரு."

"குடுப்பாரு! 'போய் ஓய்வெடு கினாவி, உடம்புதான் முக்கியம்'பாரு. அன்பாத்தான் சொல்வாரு, நல்ல மனுஷன். இந்த மாசக் கடைசியில என் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ஓய்வெடுக்கப் போனவன் ஒருத்தனையாவது திருப்பிக் கூப்பிட்டத நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை.

அன்று பிற்பகல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், ஆறாவது கட்டிடத்துக்குக் கட்டில் கேட்டவர்களையெல்லாம் தரைத்தளத்துக்கு மாற்றினாள். மேல்மாடி கேட்டவர்களுக்கு, 'வருந்துகிறோம், மேல்தளம் நிறைந்துவிட்டது' என்று எழுதினாள். தட்டச்சு செய்யும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. அனுப்பியபின் எதுவும் ஆகவில்லை. மறுநாள் சுலபமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துவிட்டு நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் அவரைப்பருப்புத் தட்டோடு அபீருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான் கினாவி.

"இந்த வாரம் கட்டிலெல்லாம் கீழேயே வருதே. ஜனங்களுக்கு மாடி மேல இருந்த மோகம் போயிடுச்சா?"

"போயிருக்கும்ணே."

அவன் ரொட்டியைப் பிய்த்தபடி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வியாழக்கிழமை தந்தா நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இன்ஷிராஹ் என்ற அகன்ற முகமுள்ள பெண்மணி, அவளுடைய மகள், மருமகன் தாமர், கைக்குழந்தை ஒன்று. செக்-இன் எல்லாம் போனிலேயே முடித்திருந்தார்கள். அபீர் சாவி அட்டையைக் கொடுத்து அனுப்பிய சற்று நேரத்தில் இன்ஷிராஹ் தனியாகத் திரும்பி வந்தாள். மேசை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்கிறவள் போல மெல்லப் பேசினாள்.

"கண்ணு, நாங்க மாடி கேட்டிருந்தோம். பொண்ணு போன்ல போட்டாளே, வரலியா?"

"வந்ததும்மா. மாடியெல்லாம் நிறைஞ்சிடுச்சு."

"அப்படியா." முகம் ஒரு கணம் வாடி, உடனே தெளிந்தது. "நிறைஞ்சிருந்தா நீ என்ன பண்ணுவ? பெருசா ஒண்ணுமில்ல. எங்க வீடு சந்துக்குள்ள, தரையோட தரையா. ஜன்னலத் திறந்தா எதிர்வீட்டுச் செவுரு. ஆஸ்பத்திரியில நர்ஸு வேலை, அங்கயும் வார்டு கீழ்த்தளந்தான். போன மாசம் ரிட்டையர் ஆனேன். இவங்க என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உயரத்துல உக்காந்து கடலப் பாக்கணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

"கீழேயிருந்தும் தெரியும்மா," என்றாள் அபீர்.

"தெரியுது, தெரியுது. வேலிக்கு மேல கொஞ்சம் தெரியுது." இன்ஷிராஹ் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அபீருக்கு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. திரையில் ஆறாவது கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் அறைகள் காலியாக, பச்சையாகத் தெரிந்தன. இன்ஷிராஹை அங்கே மாற்றினால் ஒரு கட்டில், ஒரு தொட்டில். இரண்டையும் கினாவிதான் சுமக்க வேண்டும். சாயங்காலம் பச்சை நிறத்தைப் பார்க்காமலே திரையை அணைத்தாள்.

மறுநாள் காலையில் தாமர் போனை நீட்டிப் பிடித்தபடி வந்தான். ஹோட்டல் ஆப் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: கூடுதல் கட்டணத்தில் மேல்மாடிக்கு மாற விருப்பமா? கடல் தெரியும் அறைகள் காலியாக உள்ளன.

"இது என்ன? எங்க அத்தைகிட்ட நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. காசு குடுத்தா மட்டும் காலியாயிடுமா?"

வரவேற்புக் கூடமே திரும்பிப் பார்த்தது. ஹாசெம் பே தன் அறையிலிருந்து வந்தார். எப்போதும் போல இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தாழ்ந்த குரல். தாமரின் தோளில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்டார். கட்டணம் இல்லாமலே மேல்மாடி, இந்த நிமிடமே, கூடவே ஒரு பழக்கூடை என்றார். பிறகு அபீர் பக்கம் திரும்பினார்.

"அறை காலியா இருந்ததா?"

"இருந்தது."

"அப்ப ஏன்மா?"

அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் கினாவியின் வேலை போய்விடும்.

"கவனிக்கல பே."

"அப்புறம் பேசுவோம்." அவர் வாக்கி-டாக்கியை எடுத்தார். "கினாவி, கட்டிலையும் தொட்டிலையும் மூணாவது மாடிக்குக் கொண்டுபோ. இப்பவே. நானும் வர்றேன்."

"பே, தோட்டத்து ஆளுங்களை அனுப்பட்டுமா? கினாவியண்ணனுக்கு நெறைய வேலை கெடக்கு..."

"அவன் கட்டிடம், அவன் வேலை," என்றார் ஹாசெம் பே நடந்துகொண்டே.

அபீர் பின்னால் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது, ஹாசெம் பே முன்னால் ஏறிப்போக, கினாவி கட்டிலை மடித்துத் தோளில் சாய்த்து முதல் மாடி வளைவில் ஏறிக்கொண்டிருந்தான். அவள் கால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடு தாயி. பாத்துக்கிட்டிருக்காங்க."

"பாக்கட்டும்."

"விடுன்னா."

அடுத்த வளைவில் கினாவி நின்றான். கட்டிலைச் சுவரில் சாய்த்தான். ஒரு கை தானாக அடிவயிற்றுக்குப் போய் அழுத்திக்கொண்டது. உதடு வெளுத்திருந்தது. கீழே, குழந்தையின் பையைச் சுமந்தபடி ஏறிவந்துகொண்டிருந்த இன்ஷிராஹ் அந்தக் கையைப் பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு அவனிடம் வந்தாள்.

"அத விடு. உக்காருப்பா. உக்காருன்னேன்." ஆபரேஷன் வார்டில் ஆயுசைக் கழித்தவளின் குரல் அது, கினாவி படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் கேட்காமலே அவன் சட்டை மேல் விரல் வைத்துப் பட்டையைத் தொட்டாள். "எப்பக் கிழிச்சாங்க? தையல் ஆறி எத்தன நாளாச்சு? இந்த லட்சணத்துல கட்டில் தூக்குறியே, பிச்சுக்கிட்டா உயிருக்கு யார் பொறுப்பு?"

பிறகு அவள், மேல்படியில் நின்றிருந்த ஹாசெம் பேயை நிமிர்ந்து பார்த்தாள். "சார், நீங்கதானே மேனேஜர்? இந்த மனுஷனுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு. ஒரு தலகாணிகூடத் தூக்கக் கூடாது. தயவுசெஞ்சு இவருக்கு ஓய்வு குடுங்க."

கினாவி அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, ஓடுகளுக்கு நடுவே எதையோ தேடுகிறவன் போல உட்கார்ந்திருந்தான்.

"ஐயோ, எனக்குத் தெரியாதும்மா," என்றார் ஹாசெம் பே. உண்மையாகவே பதறிவிட்டார். இறங்கி வந்து கினாவியின் முதுகைத் தடவினார். "ஏன்டா சொல்லல? நான் என்ன அந்நியனா? போ, போய்ப் படு. நல்லா ஓய்வெடு. உடம்புதான் முக்கியம்."

தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கட்டிலை மேலே கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை கினாவி கிளம்பினான். ஊழியர் வாசலில், ஊருக்குப் போகும் வேனுக்காகக் காத்திருந்தவனிடம் அபீர் போய் நின்றாள். சீருடை இல்லாமல், கலாபியா என்ற நீள அங்கியில் அவன் வேறு ஆள் மாதிரி இருந்தான்.

"கூப்பிடுவாங்கண்ணே. நான் ஹாசெம் பேகிட்டப் பேசுறேன்."

"நீ பேசாத."

அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, ஆனால் வார்த்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"கட்டிலக் கீழ போடுன்னு நான் உன்னக் கேட்டேனா? முதல்லயே மாடியில போட்டிருந்தா, விடியக்காலையில ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி, பக்கத்துக் கட்டிடத்துப் பையன் பிஷோயக் கூட்டிட்டுப் போயி, நின்னு நின்னு மெதுவா ஏத்தியிருப்பேன். இத்தன நாள் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். நீ நல்லது பண்ணப் போயி, ஊரே பாக்கத் தூக்க வேண்டியதாப் போச்சு."

அபீர் அழுதாள். அவன் அதைப் பார்த்துவிட்டுச் சங்கடமாகத் தலைப்பாகையைச் சரிசெய்தான்.

"அழாத தாயி. உன் மேல இல்ல. யார் மேலன்னும் தெரியல." வேன் வந்தது. ஓட்டுநர் இறங்கி மூட்டையை மேலே ஏற்றினான். கினாவி ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை அசைத்தான், போய் வேலையைப் பார் என்பது போல.

அடுத்த நாள் ஹாசெம் பே அவளைக் கூப்பிட்டார், ஆனால் திட்டவில்லை. இனி விருந்தினர்களே போனில் வரைபடத்தைப் பார்த்து, அறையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார். "உனக்கும் ஒரு தலைவலி குறைஞ்சுது," என்று சிரித்தார். ஆறாவது கட்டிடத்துக்கு ஒரு ஏஜென்சி மூலம் புது ஆள் வந்தாயிற்று.

தந்தாக் குடும்பம் ஊருக்குத் திரும்பும் நாளில் அபீர் அவர்களை வழியனுப்ப மேலே போனாள். இன்ஷிராஹின் முகம் வெயிலில் கறுத்து மின்னியது. பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பிடக்கூட இறங்க மனமே வரவில்லை என்று சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்தாள்.

"அந்தத் தம்பிக்கு வெளியில போய் வாங்கினேன். தழும்புக்கு நல்லது. ரெண்டு நாளாத் தேடுறேன், ஆளையே காணோம்."

"ஊருக்கு அனுப்பிட்டாங்கம்மா."

"நல்லதாப் போச்சு. எப்ப வருவாரு?"

அபீர் குனிந்து அவளுடைய பெட்டியைத் தூக்கினாள். இன்ஷிராஹ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெல்ல அவிழ்ந்து போயிற்று.

"நான் சொன்னதுனாலயா?"

மகள் குழந்தையோடு முன்னால் இறங்கிவிட்டிருந்தாள். "அம்மா, வண்டி வந்துடுச்சு!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். இன்ஷிராஹ் களிம்பைக் கையிலேயே மூடிப் பிடித்தபடி படியிறங்கினாள். அபீர் பின்னால் அவளுடைய பெட்டியோடு வந்தாள்.

இரண்டாவது மாடி வளைவில் புது ஆள் எதிரே வந்தான். ஒல்லியான மனிதன். காதோரம் நரைத்திருந்தது. மடக்குக் கட்டிலை முதுகில் சாய்த்து, ஒரு காலை முதலில் வைத்து, மற்றொரு காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படிக்கும் மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது.

இன்ஷிராஹ் நின்றாள். அவள் கண்கள் அவன் முழங்காலுக்குப் போயின, பிறகு மார்புக்கு. வாய் திறந்தது.

அந்த மனிதன் தலையை உயர்த்தி, "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டான்.

"இல்லப்பா," என்றாள் அவள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவன் கடந்துபோக வழி விட்டாள்.