சாப்பிட வராதவர்கள்

...எண்ணெய் காய்ந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் காயட்டுமா, நேற்றிலிருந்து மிளகாய் விழுதில் ஊறுகிற கோழி, இனியும் ஊறினால் உப்புக் கரிக்கும், போட்டுவிடு எடெல்மிரா, வரத்தான் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் லிமாவின் இந்தக் குன்றை விட்டு எங்கே போவார்கள்... முற்றம் நிறைய வாடகை நாற்காலிகள், ஒலிபெருக்கியில் கும்பியா பாட்டு அலறுகிறது, ஆடத்தான் ஆளில்லை. அவளுடைய ரொட்டிக்கடை அடுப்பு வெடித்ததிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பூட்டியது பூட்டியதுதான். "பொயாதா போடுவோம்க்கா" என்று கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டு ஸொய்லா. இங்கே அதுதானே வழக்கம், மருந்துச் செலவோ, சாவோ, இடிந்த கூரையோ, சீட்டு விற்று, கோழி பொரித்து, குன்றே திரண்டு வந்து தின்று குடித்து ஆடி, விழுந்தவரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகும். சீட்டெல்லாம் விற்றாயிற்று, பணம் சாப்பிட வரும்போது தந்தால் போதும். அப்புறம் ஏன் ஒரு நாற்காலிகூட நகரவில்லை?

வராமலும் இல்லை. தையற்கார செவேரோ வந்தார், சீட்டுப் பணத்தை நீட்டினார். உட்காருங்க, சூடா எடுத்துத் தரேன் என்றாள். "இருக்கட்டும்மா, வேலை கெடக்கு." பார்சலாவது? "அதெல்லாம் எதுக்கு." போய்விட்டார். அடுத்து முடிதிருத்தும் நெலிடா, அவளும் அதேபோல், வாசலிலேயே, சிரித்த முகமாக. ஆட்டோக்காரன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஏப்ரன் பை கனக்கிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆனால் தட்டில் அடுக்கிய கோழி ஆறுகிறதே, உருளைக்கிழங்கு வறள்கிறதே...

"அடுப்புக்குக் காசு தேறிடுச்சுக்கா! நாளைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாம்" என்றாள் ஸொய்லா. "மூஞ்சியப் பாரு, கோழியவிட நீதான் அதிகமா வெந்திருக்கே."

"ஒருத்தரும் சாப்பிடலையேடி."

"நீ யார் வீட்ல சாப்பிட்டிருக்கே?"

"எல்லார்கிட்டயும் சீட்டு வாங்கியிருக்கேன். யாருக்காவது இல்லேன்னு சொல்லியிருப்பேனா?"

"வாங்கினே. வாசல்ல நின்னு காசைக் குடுத்தே, கோழி வேணாம்னுட்டுப் போனே. எங்கம்மா ஆபரேஷனுக்குப் போட்டோமே, அன்னிக்கும் அப்படித்தான். 'நம்ம எண்ணெய் அந்தம்மாவுக்கு ஆகாது போல'ன்னு அம்மா சொன்னா." ஸொய்லா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கோழியைத் திருப்பிப் போட்டபடி.

ஆகாதா? யார் சொன்னது? விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவளுக்கு ஞாயிறு மதியம் ஒன்றுதானே தூக்கம், அதைச் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, கோழியை விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு அதுவும் மிச்சம் என்றல்லவா நினைத்தாள், பெரிய உபகாரம்... அப்படியானால் கீழ்த்தெருவில் புதுக் கடை வந்ததும் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்களே, அது விலைக்காக மட்டும்தானா? விலையைக் குறைத்தாள், ரொட்டியைப் பெரிதாக்கினாள், பெயர்ப் பலகைக்குப் புதுச் சாயம் அடித்தாள், ஒருத்தரும் திரும்பவில்லையே. நாளைக்கு அடுப்பு எரியும். எரிந்து?

ஒரு தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். "எங்கேக்கா?" என்று ஸொய்லா கேட்டது காதில் விழுந்தது. படியேறி செவேரோ வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள், உள்ளே தையல் மெஷின் ஓடவில்லை, வேலை கெடக்கு என்றாரே, தட்டுகளும் பேச்சும்தான் கேட்கிறது, குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது போல. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்... சொல்லட்டும், தாங்கிக்கொள்ளலாம், திரும்பிப் போய்விடலாம், அது தெரிந்த வேலைதான். வாம்மா, உள்ளே வந்து உட்காரு, ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லிவிட்டால்? தூக்கிய கை அப்படியே நின்றது. பயம் இதற்குத்தானா, இத்தனை வருஷமும்?