மூன்றாவது வளையம்

பெயர்ப்பட்டியலில் நாற்பத்து நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரையும் வெலிசாரிஸ் நேரில் பார்த்ததில்லை. அவர் வாக்கை நம்பித்தான் பணம் கட்டிக் காத்திருந்தார்கள்.

வோலோஸ் துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் அவர். சிகரெட்டை விட்டு வேப் என்ற மின்சிகரெட்டுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. கடையில் விற்பது எதுவும் அவர் கைக்குப் பாந்தமாக இல்லை. ஆகவே பேட்டரியும் ஒரு பொத்தானும் மட்டும் கொண்ட கனத்த பித்தளைக் குழாயைத் தானே வரைந்தார். இணையக் குழுவில் இருந்த அவரைப் போன்ற கிறுக்கர்கள், எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். லேத் பட்டறை ஃபோத்திஸ் கடைந்து தர ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை எண், அதன் கீழே வெலிசாரிஸ் என்ற குடும்பப் பெயர். நாற்பத்து நான்குக்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

பட்டறையில் வேலை பாதி முடிந்திருந்தபோது குழுவில் ஒரு படம் வந்தது. ஏதோ வெளிநாட்டுக் கடையில் அதே குழாய், அடியில் அதே பெயர், அடிமாட்டு விலை. படத்தின் கீழே லாரிசா ஊர்க்காரன் ஒருவன் எழுதியிருந்தான்: "ஐயா, நாப்பத்து நாலுன்னீங்க. ஒருவேளை நாலாயிரமோ?"

அவருக்குக் காது மடல் எரிந்தது. அவர் அப்பா பெயரை, தாத்தா பெயரை எவனும் இப்படிக் கேலி செய்ததில்லை.

வரைபடம் மூன்று பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவரிடம். இன்னொன்று ஃபோத்திஸிடம். ஃபோத்திஸ் வெலிசாரிஸின் மகள் டெஸ்பினாவுக்கு ஞானத்தகப்பன். அந்தப் பக்கம் நினைப்பே போகக்கூடாது. மிச்சம் மருமகன் மில்தோஸ். வரைபடத்தைக் கணினியில் ஏற்றியவன் அவன்தான். ஒரே வருடத்தில் இரண்டு வேலை மாறியவன். போன மாதம் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். செல்போனை எப்போதும் மேசையில் குப்புறத்தான் வைப்பான். முன்பு கண்ணில் படாததெல்லாம் இப்போது சாட்சியாக வந்து நின்றது.

யாரிடமும் சொல்லாமல் நகலில் ஒன்றை வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். சுட்ட ஆக்டோபஸ் தட்டில் இருந்தது. மில்தோஸின் கோப்பைக்கு மட்டும் அவர் சிப்புரோ சாராயம் ஊற்றவில்லை.

"என்னப்பா, அவருக்கு ஊத்தலையா?" என்றாள் டெஸ்பினா.

"வண்டி ஓட்டணும்ல. புது வண்டி."

மில்தோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மூணு வாரமா போன் எடுக்க மாட்டேங்கறீங்க. இன்னைக்கு வண்டியைக் குத்திக்காட்டறீங்க. மனசுல என்ன இருக்கோ நேரா கேளுங்க மாமா."

வெலிசாரிஸ் நகலை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இதுக்கு என்ன கொடுத்தாங்க, மாப்பிள்ளை?"

டெஸ்பினா எழுந்துவிட்டாள். "அப்பா!"

"இரு டெஸ்பினா." மில்தோஸுக்கு முகம் சிவந்திருந்தது. ஆனாலும் குழாயைக் கையில் எடுத்து நிதானமாகத் திருப்பிப் பார்த்தான். "கழுத்துல எத்தனை வளையம் இருக்கு, எண்ணுங்க."

"மூணு."

"நான் வரைஞ்சதுல?"

வெலிசாரிஸின் பென்சில் படத்தில் மூன்று வளையம் இருந்தது. ஃபோத்திஸ் முதலில் கடைந்த மாதிரியில் மூன்றாவது வளையம் மூடியைச் சிக்க வைத்தது. அதனால் கணினியில் ஏற்றும்போது மில்தோஸ் இரண்டாகக் குறைத்திருந்தான். பட்டறையில் இப்போது உருவாகும் நாற்பத்து நான்கிலும் இரண்டுதான்.

"மூணு வளையம் வச்ச மாதிரி யார்கிட்ட இருக்கு?"

"என் அலமாரியில. பென்சில் படமும் அங்கேதான். அன்னைக்கே ரெண்டையும் பூட்டி வச்சேன்."

"பூட்டறதுக்கு முன்னாடி?"

வெலிசாரிஸின் முதுகு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தது. பூட்டுவதற்கு முன்னால் அந்த மாதிரியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கிடையே பிடித்துப் படம் எடுத்திருந்தார். தலை, கழுத்து, மரை, அடிப்பகுதி என்று ஒன்பது படங்கள். ஒவ்வொன்றிலும் அளவு எண் துல்லியமாகத் தெரியும். குழுவில் போட்டு, "வெலிசாரிஸ் வேலை, மயிரிழை பிசகாது" என்று எழுதியதும் அவர்தான். உலகம் முழுக்கப் பார்க்கத் திறந்து கிடந்த பக்கம் அது.

"ஒன்பது படம்," என்றார்.

"ஆமா. வரைபடமே வேண்டியதில்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழுவுக்கு ஒரு செய்தியை ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டிவிட்டுச் செல்போனை மருமகனிடம் நீட்டினார். "அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க படிங்க."

மில்தோஸ் படித்தான். தப்பு தன்னுடையது, விலக நினைப்பவர்கள் விலகலாம், கொடுத்த பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதியிருந்தார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தான். "'என் மருமகன்மேல் வீண்பழி போட்டேன்'னு இருக்கே. இது எதுக்கு? அவங்க யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியும்ல."

"அழிச்சிடறேன் மாமா."

"கை வைக்காதீங்க." செல்போனை வாங்கி அனுப்பினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மில்தோஸின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"வண்டி ஓட்டணுமே," என்றான் மில்தோஸ், சிரிக்காமல்.

"டெஸ்பினா ஓட்டுவா," என்று சொல்லியபடி ஊற்றினார்.