காலி வயிற்றின் கச்சேரி

அவருக்குக் ‘கணீர்’ என்று பட்டம் வைத்தது யாரென்று தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நாவல்களை ஒலிப்புத்தகமாக வாசித்துப் பதிவு செய்வது தொழில். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் தொண்டைக்கு ஓரடி கீழே இருந்தது.

“என்னை மறந்துவிடுவாயா?” என்று காதலி கேட்கிறாள். காதலன் பதில் சொல்லாமல் நிற்கிறான். அந்த மௌனத்தில்தான் நாவலின் உயிரே இருக்கிறது. கணீர் மூச்சை அடக்கி நிறுத்தினார். அவருடைய வயிறு முந்திக்கொண்டு ‘கொடகொட’ என்று பதில் சொல்லிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினான். “அண்ணே, இந்த இடத்துல யாரும் பேசக்கூடாது. உங்க வயிறும்தான்.”

ஒலிப்பதிவு அறை பொல்லாதது. சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர், மின்விசிறி கிடையாது. வெளியே லாரி போனால் கேட்காது; உள்ளே குடல் புரண்டால் இடி இடிக்கும்.

விஷயம் அக்கா வீட்டுக்காரர் காதுக்குப் போனது. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை விற்கிறார். தங்க நிற மூடி போட்ட டப்பாவோடு அன்றே வந்து இறங்கினார்.

“மச்சான், என்சைம்னா சும்மா இல்ல. உள்ள போறதையெல்லாம் தூள் தூளாக்கிடும். அப்புறம் சத்தம் எங்கேருந்து வரும்?”

கணீர் அதற்கு மேல் ஒரு கணக்குப் போட்டார். சாப்பாடு இருப்பதால்தானே சத்தம்? காலையில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போனால் வயிறு வாயையே திறக்காது. மனைவி மூடி வைத்த தட்டை மூடியபடியே விட்டுவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். அவள் முகம் வாடியதைக் கவனிக்கவில்லை. மனுஷர் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கூடியது. பயந்துபோய் மௌனங்களையெல்லாம் வெட்டிவிட்டு ஓட்டமாக வாசித்தார். பதிப்பாளர் அம்மாள் கேட்டுவிட்டு முகத்துக்கு நேராகவே சொன்னார்: “பஸ்ஸப் பிடிக்க ஓடுறவன் மாதிரி காதலிக்கிறான் சார். நாளைக்கும் இப்படித்தான்னா வேற குரல் பாத்துக்கறேன்.”

இப்படி ஒரு நாவல் கைக்கு வராதா என்று கணீர் எத்தனை வருஷமாக ஏங்கியிருப்பார்! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நேராக மருந்துக்கடைக்குப் போய், அதே மாத்திரையில் இன்னும் வீரியமானது வேண்டும் என்றார்.

மருந்தாளுநர் பெண்மணி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். “இத எதோட சேத்து சாப்பிடறீங்க?”

“தண்ணியோட.”

“அது சரி. சாப்பாடு?”

“அதத்தான் நிறுத்திட்டேனே!” என்றார் பெருமையாக.

அவள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். “சார், என்சைம் ஒரு கத்தரிக்கோல் மாதிரி. சாப்பாட்ட சின்னச் சின்னதா வெட்டும். துணியே இல்லாம கத்தரிக்கோல ஆட்டி என்ன பிரயோஜனம்? அதுவும் நம்ம உடம்பே தனக்கு வேணுங்கறத சுரந்துக்கும். சுரக்காதவங்களுக்கு டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் இது. காலி வயிறுதான் சார் ரொம்பக் கத்தும்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அதுக்காகவா சாப்பிடாம ஓடுனீங்க? என் கைப்பக்குவம்தான் போயிடுச்சோன்னு நான் மறுகிக்கிட்டிருந்தேன்.”

கணீருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் காலை தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பதிப்பாளர் அம்மாள் கண்ணாடிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். “என்னை மறந்துவிடுவாயா?” என்று கணீர் வாசித்து நிறுத்தினார். வயிறு பேசவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அப்போதும் பேசவில்லை. அப்புறம் அவர் வயிற்றை மறந்தே போனார். காதலன் நின்றான், தவித்தான். அம்மாள் கட்டியிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கணீர் மெதுவாக, “மாட்டேன்” என்றார்.

“மிச்சத்தையும் நீங்களே படிங்க சார்” என்று சொல்லிவிட்டு அம்மாள் மூக்கை உறிஞ்சியபடி வெளியே போனார்.

ஒலிப்பதிவாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். “அண்ணே, மாத்திரை பிரமாதமா வேலை செய்யுதே! எனக்கும் ஒரு டப்பா வாங்கித் தாங்கண்ணே. காலையிலேருந்து வயிறு என்னவோ பண்ணுது.”

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத்தான் கணீர் வாயைத் திறந்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார்.

“நீ மொதல்ல சாப்பிட்டியாடா?”

அவன் தலையைச் சொறிந்தான்.