ஏலப் பூவுக்கு வரும் குண்டுத் தேனீ

“சீப்பு போட்டு வாரின மாதிரி தோட்டத்தை வச்சிருக்க. குண்டுத் தேனீ எங்க வந்து உட்காரும்?” என்றாள் பக்கத்துத் தோட்டத்து ஓங்மித் அக்கா, அவள் அடுப்படியில் எனக்குக் கேழ்வரகுக் கள்ளை நீட்டியபடி.

“சும்மா இருக்கா. எனக்கே அழுகையா வருது.”

“நல்லா அழு. என் தோட்டத்தைப் பார்த்து, கரடிதான் குடியிருக்கும்னு சொன்னவதானே நீ?”

சொன்னேன்தான். எங்கள் மலைப் பகுதியான ஸோங்குவில் பெரிய ஏலக்காய்க்கு எல்லாரும் களை எடுப்போம். ஓடையோர முள்பழப் புதரைத் தொடமாட்டோம். ஏலம் பூக்கும்வரை குண்டுத் தேனீக்களுக்கு அதுதான் சாப்பாடு. நான் ஆசை மிகுதியில் அதையும் மழித்துவிட்டேன்.

மூன்று வருடம் காத்திருந்து வந்த முதல் பூ. விடியலில், தண்டின் அடியில் மண்ணை ஒட்டி மஞ்சளாக விரிகிறது. பனிமூட்டத்துக்குள் யாரோ தரையெங்கும் சிறு விளக்குகளை ஏற்றிவிட்டுப் போனதுபோல் இருக்கும். மாலைக்குள் துவண்டுவிடும். நான்கு நாட்களாக அந்தப் பூக்களின் நடுவே குந்தியிருந்தேன். சின்னத் தேனீக்கள் வந்தன, மகரந்தத்தை வாரிக்கொண்டு போயின. அவற்றால் காய் பிடிக்காது. குண்டுத் தேனீதான் பூவுக்குள் முழுசாக நுழைந்து, முதுகெல்லாம் பொடியோடு அடுத்த பூவுக்குப் போகும்.

இன்று காலை ஒன்றே ஒன்று வந்தது. கறுத்த, ரோமம் அடர்ந்த உடம்பு. ஐந்து பூக்களுக்குள் போய் வந்தது. நான் மூச்சுகூட விடவில்லை. அது பறந்த பக்கம் தூக்கத்தில் நடப்பவள்போல் நடந்தேன். வேலியைத் தாண்டியதே நினைவில்லை. அக்காவின் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால், புல் மூடிய கரையில், ஒரு பழைய எலிப்பொந்துக்குள் அது இறங்கியது. மண்ணில் காதை வைத்துப் படுத்தேன். நிலம் தூக்கத்தில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கேட்டேனோ தெரியாது. அக்கா வந்து தோளைத் தொட்டு எழுப்பி, உள்ளே கூட்டிவந்தாள்.

“அந்தக் கரையைத்தான் எங்க வீட்டுக்காரரு நாளைக்கு வெட்டப்போறாரு. தாய்ப்பன்னி ஒன்பது குட்டி போட்டிருக்கு, இடம் பத்தல” என்றாள் இப்போது.

கொல்லையில் அவள் புருஷன் பிந்த்சோ அண்ணன் மண்வெட்டி தீட்டும் ஓசை கேட்டது. மூங்கில் குவளையைக் கீழே வைத்தேன்.

“என் மாட்டுக் கொட்டகை காலியாத்தான் கிடக்கு. தாயையும் குட்டிங்களையும் அங்க விட்டுக்கோங்க, தீனியும் நானே வைக்கிறேன். இந்தப் பூ முடியற வரைக்கும் கரையைத் தொடவேணாம்னு அண்ணன்கிட்ட சொல்றியாக்கா?”