தெரியாத மாதிரி

வால் என்று பெயர் வைத்தது அப்பாதான். மூத்தவள் கணக்கில் புலி. புலி எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுகிற சின்னவள் வால். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். லிஃப்ட் மெக்கானிக், நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிக்கயிறோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்கு இரண்டு குஞ்சில் ஒன்றுதான் பொன். புலி ஐந்தாம் வகுப்பில் ஒரு தரம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள், போதாதா? லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடமெல்லாம் அந்த நூறைச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவள் எட்டு முடித்துவிட்டாள். மார்க் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் வாயில் மட்டும் நூறு தேயவில்லை. பேப்பர் திருத்துகிறவனுக்குக் கண் தெரியவில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பெண்ணுக்குத்தான் உள்ளே உதறல்.

அதனால்தான் கோடை விடுமுறை விட்டதும் கணக்கு முகாமில் பேர் கொடுத்தார். வாலையும் சேர்த்துவிட்டதற்குக் காரணம் வேறு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்காவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருக்கட்டும் என்றார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. லீவு விட்ட பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பெஞ்செல்லாம் தூசி, விசிறி சுற்றினால் சத்தம்தான் வரும், காற்று வராது. முதல் நாளே ஒரு பரீட்சை வைத்து, வேகமான பிள்ளைகளுக்கு மாடி அறை, மற்றவர்களுக்குக் கீழ் அறை என்று பிரித்தார்கள். பேர் வாசித்தபோது வாலின் பேர் மாடி அறைக்கு வந்தது. புலி கீழே. அந்தச் சின்னது படியேறாமல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டே நின்றது. மாற்றி வாசித்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறது, பாவம்.

சாயங்காலம் அப்பா விசாரித்தார். "கீழே பெரியவங்க, மாடியில சின்னவங்கப்பா" என்றாள் புலி. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுதானே நியாயம் என்று அவரும் தலையாட்டினார். வால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பஸ்ஸில் போக வர ஒரே கணக்குப் பேச்சுதான். மாடி சார் இப்படிக் கேட்டார், நான் அப்படிச் சொன்னேன் என்று வாலுக்கு வாய் ஓயாது. ஒரு நாள் சாக்லேட் கணக்கு. ஒரு சாக்லேட்டில் நீளவாக்கில் ஆறு கட்டம், குறுக்கே நாலு. ஒரு சமயத்தில் ஒரு துண்டைத்தான் கையில் எடுக்கலாம், கோட்டோடு ஒடிக்கலாம். எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாக்க எத்தனை தடவை ஒடிக்க வேண்டும்? கீழ் அறையில் இதையெல்லாம் கேட்கவே இல்லை. புலி மனசுக்குள் படம் போட்டுப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள். வால் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒடித்துக் காட்டினாள். "ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் ஒரு துண்டு கூடுதுக்கா. அவ்வளவுதான். முதல்ல ஒண்ணு இருக்கு, கடைசியில இருபத்துநாலு வேணும். அப்ப இருபத்துமூணு. எப்படி ஒடிச்சாலும் அதேதான்." சொல்லிவிட்டு மடியில் சிந்திய தூளைத் தட்டிவிட்டாள். புலிக்கு வயிறு எரிந்தது. தங்கச்சி மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். பின்னே யார் மேலாம்?

முகாமின் கடைசி நாள் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அப்பா லீவு போட்டுவிட்டார். அதற்கு முந்தின சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் புலி தங்கச்சியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் தெரியாத மாதிரி இருந்துடுறியா?"

ஏன் என்று வால் கேட்கவில்லை. சரிக்கா என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

மறுநாள் ஹாலில் கூட்டம். அப்பா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை அம்மா எழுந்தார். இங்கிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வருஷம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே நேரில் சொல்லித்தருவாராம். இன்றைக்குப் பலகையில் போடுவதைப் பார்த்து முடிவு செய்வாராம்.

இது புலிக்கு நேற்றுத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மாடி சார் முதல் ஆளாக வாலைத்தான் கூப்பிட்டார். பலகையில் சாக்லேட் படத்தை வரைந்தார், ஆறுக்கு நாலு. அந்த மனுஷன் வேண்டுமென்றேதான் அந்தக் கணக்கை எடுத்தார். இந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கட்டும் என்று ஆசை. வால் சாக்பீஸை வாங்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு தலையாட்டல் போதும். போடு என்று கண்ணைக் காட்டினால்கூடப் போதும். புலி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியல சார்" என்றாள் வால்.

சார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாக ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேறு யாராவது என்று பேராசிரியை கேட்டார். அப்பா முழங்கையால் இடித்தார். "எந்திரிம்மா புலி, நீ யாருன்னு காட்டு."

அவள் எழுந்தாள். பலகை முன்னால் நின்று, "ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் ஒரு துண்டு கூடுது, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்து, எப்படி ஒடித்தாலும் அதேதான் என்பதுவரை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பேராசிரியைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மாடி சார் மட்டும் தட்டவில்லை. அவர் பேராசிரியையிடம் போய், இந்தச் சின்னப் பெண் என்று ஏதோ தொடங்கினார். உங்கள் பிள்ளைகள் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கத்தானே செய்யும் என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார். அப்பாவும் போய் சாருக்குச் சமாதானம் சொன்னார், அவள் சின்னப் பிள்ளை, அக்காவைப் பார்த்துக் கத்துக்குவாள் என்று. வால் இன்னும் சாக்பீஸைக் கையில் வைத்திருந்தாள்.

இடம் புலிக்குக் கிடைத்தது. பஸ்ஸில் அப்பா தலைகால் புரியாமல் போன் மேல் போன் போட்டுக்கொண்டு வந்தார். வால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்க குடுக்கற கணக்கை மட்டும் எழுதிட்டு வர்றியாக்கா?" புலி சரி என்றாள். சரி என்றபோது மனசாரத்தான் சொன்னாள்.

முதல் சனிக்கிழமை வகுப்பில் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அதை அந்தப் பிஸ்கட் மாதிரி வால் ஒடித்துப் போட்டுவிட்டால்? வாசலிலேயே காத்திருந்த தங்கச்சி என்ன குடுத்தாங்க என்று கேட்டாள். இன்னைக்கு ஒண்ணும் குடுக்கல என்றாள் புலி. அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் அவளுக்கு லேசாகத் தலைவலி. இடத்தைப் பறித்தது போதாது, வாய்க்குப் போகிற கடைசிக் கவளத்தையும் தட்டிவிட்டாள். அது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒரு சனிக்கிழமை வாசலில் யாரும் இல்லை. வால் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொருவரும் எழுந்து நின்று போட்டதைச் சொல்ல வேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். புலிக்கு வேறு போக்கில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இது எப்படிடி என்று கேட்டாள்.

வால் நோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலக்கா."

பலகை முன்னால் சொன்ன அதே குரல். தெரியாத மாதிரி இருக்கிறாளா, நிஜமாகவே தெரியவில்லையா என்று புலி அந்த முகத்தையே பார்த்தாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். உள்ளேயிருந்து அப்பா, அக்கா படிக்கிறா இல்ல, டிவியைக் குறை என்றார். அவள் குறைத்தாள்.