ஏழாம் நூற்றாண்டோடு நிறுத்துங்கோ

எங்கள் சங்கத்துக்கு அவசரமாக ஒரு முஸ்லிம் தேவைப்பட்டார்.

ஜெர்மனியில் எங்கள் எசன் நகரசபை ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரில் பல்பண்பாட்டு வாரம் கொண்டாடும். நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு அவர்களுக்கு எல்லாருடைய மதத்தையும் அறியும் ஆசை வந்துவிட்டது. 2003இல் அந்த வாரத்துக்கு மண்டபம் இலவசம் என்று கேள்விப்பட்ட எங்கள் தலைவர் சிவகுருநாதன் அண்ணை, தமிழரில் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகளாக வாழ்கிறோம் என்று நகரசபை அம்மாவிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா உருகிப்போய், அப்படியானால் மதத்துக்கு ஒரு பேச்சு வையுங்கள் என்றார். சைவத்துக்கு ஆள் தேவைக்கு மேலேயே இருந்தது. கிறிஸ்தவத்துக்குப் பாதிரியார் இருந்தார். தமிழ் முஸ்லிமுக்கு எசன் முழுக்கத் தேடினாலும் நெய்னா ஒருவர்தான்.

நெய்னா முகம்மது யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருக்காரர். இங்கே துணி திருத்தித் தைக்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் பெண்கள் எல்லாருடைய சட்டை அளவும் அவர் தலைக்குள் இருப்பதால் அவரோடு யாரும் பகைப்பதில்லை. அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் பழக்கமே கிடையாது. எந்த நேரமும் கோட், கோட்டுப் பையில் அத்தர் தெளித்த கைலேஞ்சி. தான் தைத்ததைத் தானே தடவிப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொள்வார். பேசத் தொடங்கினால் நூல் தீரும்வரை ஓடுகிற மெஷின்.

நான் தேவமலர், சங்கத்தின் செயலாளர். டெர்மின், அதாவது இன்ன நாள் வா என்று அலுவலகக் கடிதம் வந்தவுடன் பதறுகிற எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே மூன்று மதத்தையும் ஜெர்மனில் சொல்லும் பாவமும் என் தலையில் விழுந்தது.

எங்கள் ஆட்கள் இருவர் முதன்முதல் சந்தித்தால் கேட்பது இரண்டே கேள்வி. எப்ப வந்தனீங்கள், ஏன் வந்தனீங்கள். ஒருவருடைய வீட்டில் எத்தனை ஷெல் விழுந்தது என்று தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடுவோம். ஆனால் நெய்னாவிடம் மட்டும் யாரும் இதைக் கேட்டதில்லை. தெரியாததால் அல்ல, நன்றாகத் தெரிந்ததால்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், எங்களுக்காகப் போராடிய இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது. போகிற வழியில் பெண்களின் காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டது. இதைக் கேள்விப்படாத யாழ்ப்பாணத்தார் கிடையாது. வாய் திறந்து பேசிய யாழ்ப்பாணத்தாரைத்தான் விளக்குப் பிடித்துத் தேட வேண்டும். எனக்கு இதை நினைத்தாலே எரிச்சல் வரும்.

கமிட்டிக் கூட்டத்துக்கு நெய்னாவையும் கூப்பிட்டிருந்தோம். தலைவர் நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தார்.

“நபியின்ரை காலத்திலை இஸ்லாம் எப்பிடித் தொடங்கினது, பிறகு சூஃபிகள். அது போதும். ஏழாம் நூற்றாண்டோடை நிறுத்துங்கோ.”

“சூஃபிகள் எட்டாம் நூற்றாண்டிலைதான் வருவினம், அண்ணை,” என்றார் நெய்னா.

“சரி, எட்டு. அந்தச் சுத்திச் சுத்தி ஆடுற ஆக்கள்தானே? நல்லது, வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டுக்குக் கிட்டவும் வரப்படாது. விளங்குதே?”

“ஓரத்திலை கொஞ்சம் துணி கூட விட்டு வெட்டட்டோ? பிறகு தேவைப்பட்டால் இறக்கலாம்.”

“வேண்டாம். கால் மணித்தியாலம். முடிய நான் மணி அடிப்பன்.”

தலைவரின் கணக்கில் அரேபியா தூரம், ஏழாம் நூற்றாண்டு அதைவிடத் தூரம். பிழை அங்கேதான் நடந்தது. கிறிஸ்தவர்கள் யேசு பிறந்ததிலிருந்து ஆண்டை எண்ணுகிறார்கள். எங்கள் பண்டிதர்கள் திருவள்ளுவர் பிறந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே முஸ்லிம்களுடைய முதலாம் ஆண்டும் ஒரு தொட்டிலிலிருந்துதான் தொடங்கும் என்று கமிட்டி முழுவதும் நம்பியது. எனக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை.

விழாவுக்கு முந்திய கிழமை சட்டை எடுக்கக் கடைக்குப் போனேன். நெய்னா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேசினார்.

“வாக்குக் குடுத்திட்டன், அக்கா. நானாகத் தொண்ணூறைப் பற்றி வாய் திறக்க மாட்டன். ஆனால் ஆராவது கேட்டால் சொல்லுவன். பதினொரு வருசமா எசனிலை இருக்கிறன், ஒரு குஞ்சும் கேக்கேல்லை.”

“நான் கேக்கட்டே?”

அவர் ஊசிகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கள் டொல்மெச்சர். மொழிபெயர்க்கிற ஆள் கேள்வி கேக்க ஏலாது. சனத்துக்குள்ளை இருந்து வரோணும். அது வராட்டில் நான் வெறும் துணி தைக்கிற சோனகன்தான், உங்கட ஆள் இல்லை.”

சட்டைக்குக் கை இறுக்கம் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நகரசபை அம்மா. மேடையில் குத்துவிளக்கு, ஆனால் ஐந்து முகத்திலும் பேட்டரி பல்பு. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல் தீயணைக்கும் சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு கதவருகே காவல் நின்றார். பல்புகளில் ஒன்று விட்டு விட்டு மினுங்கியது.

சைவப் பேச்சு முக்கால் மணித்தியாலம் ஓடியது. தலைவர் மணியைத் தொடவே இல்லை. பேசியவர் அவருடைய மச்சான். பாதிரியார் சுருக்கமாகப் பேசி எல்லாரையும் மகிழ்வித்தார். பிறகு நெய்னா எழுந்து, கைலேஞ்சியால் முகத்தை ஒற்றி, மேடை முழுவதையும் அத்தர் மணக்கச் செய்து, தொடங்கினார்.

பிறப்பை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். நேராக மக்காவுக்குப் போனார். அந்த ஊர்ப் பெரியவர்கள் புதிய கூட்டத்தை அடித்தார்கள், சந்தையில் ஒதுக்கினார்கள். ஒரு பகுதி சனம் கடல் கடந்து அபிசீனியாவுக்கு ஓடியது. அங்கே ஒரு கிறிஸ்தவ ராசா.

“இவையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மக்காக்காரர் ராசாவுக்குப் பரிசோடை ஆள் அனுப்பிச்சினம். ராசா இவையைக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டார். அதுதான் எங்கட முதல் அசூல் விசாரணை.”

மண்டபமே சிரித்தது. அகதித் தஞ்ச விசாரணைக்கு முதல் நாள் இரவு நித்திரை கொண்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

“அப்ப ஒருத்தர் எழும்பி மரியாளைப் பற்றிக் குர்ஆனிலை இருக்கிறதை ஓதினார். ராசா அழுதார். பரிசைத் திருப்பிக் குடுத்து, இவை இங்கையே இருக்கட்டும் எண்டிட்டார். ஒரே விசாரணை, அப்பீலும் இல்லை.”

“மாதாவே!” என்றார் இரண்டாம் வரிசையில் பேர்பெச்சுவா அக்கா. மன்னார்க்காரி, சங்கத்து வடைக்குப் பொறுப்பாளி. அவருடைய விசாரணை ஏழு வருடம் இழுத்தது. மாதாவை அங்கே ஓதிப் பார்க்கவில்லையே என்று அவர் அப்போது நினைத்திருப்பார். தலைவர் பெருமையோடு நகரசபை அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

“மிச்ச ஆக்களும் வீடு வாசல், கடை, ஆடு, ஒட்டகம் எல்லாத்தையும் விட்டிட்டு இரண்டு பேர் மூண்டு பேராய் மதீனாவுக்கு வெளிக்கிட்டினம். கடைசியா நபியும். எங்கட முதலாம் ஆண்டு அந்த நாளிலை இருந்துதான் தொடங்குது. பிறந்த நாளிலை இருந்து இல்லை, வேதம் இறங்கின நாளிலை இருந்தும் இல்லை. சொந்த ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலை இருந்து.”

நான் அதை ஜெர்மனில் சொல்லி முடித்ததும் சனம் ‘ச்சூ’ கொட்டத் தொடங்கியது. பாவம் சனம், எங்கட கதை போலை கிடக்கு என்று யாரோ சொன்னார்கள். துரத்தினவன் நாசமாய்ப் போவான் என்று இன்னொரு குரல் சபித்தது. சபித்தவர் தலைவரின் மச்சான். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய கை மணியைத் தேடிப் பிடித்தது.

“தம்பி,” பேர்பெச்சுவா அக்கா எழுந்துவிட்டார். “அதுகள் விட்டிட்டு வந்த வீடுகளுக்கு என்ன நடந்தது?”

“ஊரிலை நிண்டவை வித்துப்போட்டினம், அக்கா. கன வருசத்துக்குப் பிறகு நபி மக்காவுக்குத் திரும்பிப் போகேக்கை, எங்கை தங்கப் போறியள் எண்டு கேட்டினமாம். எங்களுக்கு எண்டு ஒரு வீடாவது மிச்சம் வைச்சிருக்கினமோ எண்டு கேட்டாராம். பிறகு கூடாரம் அடிச்சுத்தான் தங்கினவர்.”

தலைவர் மணி அடித்தார். நெய்னா உடனே வாயை மூடிக்கொண்டார். அவர் இப்படிப் பாதியில் நிறுத்தியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஏன் மணி அடிக்கிறாய், பூசையே நடக்குது?” என்றார் பேர்பெச்சுவா அக்கா. மேடைக்குக் கிட்ட வந்து, தலைவரின் கையிலிருந்த மணியைக் குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். பிறகு நெய்னாவின் பக்கம் திரும்பினார். மன்னாரிலிருந்தும் அதே மாதம் முஸ்லிம்களை அனுப்பினார்கள். வள்ளங்களில் ஏறிக் கடலால் போனார்கள். அந்தக் கரையில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“நீ எப்ப வந்தனி, தம்பி?” என்று கேட்டார். “ஏன் வந்தனி?”

அவ்வளவுதான். பதினொரு வருடமாக எங்கள் வாய்க்குள் கிடந்த இரண்டு கேள்வி.

நெய்னா அத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்த கைலேஞ்சியை மேசையில் வைத்தார். அலங்காரம் எதுவும் இல்லாமல் பேசினார். “இரண்டு மணித்தியாலம் தந்தவை, அக்கா. உம்மா அடுப்பிலை கறி வைச்சிருந்தவ. அணைச்சுப்போட்டு வெளிக்கிட்டம். புத்தளத்திலை அகதி முகாம், பிறகு இங்கை. இந்த ஆடியிலை பாதை திறந்திருக்கெண்டு போய்ப் பாத்தன். எங்கட வீட்டிலை வேறை ஆக்கள் இருக்கினம். நல்ல சனம், தேத்தண்ணி தந்தவை. எங்கட வீட்டிலை நான் விருந்தாளியா இருந்து குடிச்சிட்டு வந்தன்.”

தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இதை ஜெர்மனில் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒன்றையும் விடாமல் சொன்னேன், கறியையும் சேர்த்து.

கதவருகே நின்ற ஹவுஸ்மைஸ்டர் சிலிண்டரை விட்டுவிட்டு நாலடி முன்னால் வந்தார். தன் தாயும் இப்படித்தான் உலகப்போர் முடிந்தபோது கிழக்கே சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு, கைவண்டியோடு வந்தவர் என்றார். பிறகு என்னிடம், ஏதோ சாவி எங்கே என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். இவர்களைத் துரத்தியது யார்?

போர்ச்சூழல் காரணமாக என்று ஒரு வசனம் இருக்கிறது. அலுவலகங்களில் நூறு முறை சொல்லி என் நாக்கில் வழுக்கிக்கொண்டு வருகிற வசனம். தலைவரின் முகம் அதைத்தான் கெஞ்சியது. நெய்னா என்னைப் பார்க்கவில்லை, மேசைவிரிப்பின் ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்கள்,” என்றேன் ஜெர்மனில்.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை, மீதிப் பேர் விளங்காததுபோல இருந்தார்கள். ஆகவே தமிழிலும் சொன்னேன். “ஆர் துரத்தினது எண்டு இவர் கேக்கிறார். நாங்கள் எண்டு சொன்னனான்.”

நாற்காலிகள் இரண்டு மூன்று கிறீச்சிட்டன. யாரோ எழுந்து சப்பாத்துச் சத்தம் கேட்க வெளியே போனார்கள்.

“என்ன கதை கதைக்கிறாய், தங்கச்சி?” தலைவர் பல்லைக் கடித்தார். “நீயோ நானோ துரத்தினது?”

“மக்காவிலையும் எல்லாரும் அப்பிடித்தான் கேட்டிருப்பினம், அண்ணை,” என்றேன்.

மேடையில் அந்தப் பல்பு மினுங்கிக்கொண்டிருந்தது. நெய்னா கைலேஞ்சியை எடுத்து நாலாக மடித்துக் கோட்டுப் பையில் செருகி, அதன் முனை சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

“சூஃபிகள் மிச்சம் இருக்கினம்,” என்றார். “சொல்லட்டோ?”

“சொல்லு,” என்றார் பேர்பெச்சுவா அக்கா.

சொன்னார். பஸ்ரா வெயிலில் கம்பளி உடுத்துக்கொண்டு திரிந்த அந்த மனிதர்களுக்குக் கடவுள் பக்தி இருந்த அளவு துணியறிவு இருக்கவில்லை என்றார். ராபியா என்ற பெண் ஒரு கையில் நெருப்பும் மறு கையில் தண்ணீரும் கொண்டு தெருவில் ஓடியதைச் சொன்னார். சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால் சனம் ஆசையும் பயமும் இல்லாமல் கடவுளை நேசிக்கும் என்றாளாம். நான் மொழிபெயர்த்ததும் ஹவுஸ்மைஸ்டர் கை உயர்த்தி, தண்ணீர் கொண்டுபோனது நல்ல காரியம் என்றார். எல்லாரும் சிரித்தோம். நெய்னாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

கால் மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது. வடை ஆறிவிட்டது. தலைவர் மேசைக்கு மேலும் கீழும் மணியைத் தேடினார். அது பேர்பெச்சுவா அக்காவின் மடியில் இருந்தது. அவர் அதன் நாக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.