தொடாமல் விட்ட இரண்டு வரிசை

பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டுதான் அன்று காலை பசுமைக்குடிலுக்குள் போனேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். அவர் எழுந்து நடமாடும்வரை இந்தக் குடைமிளகாய்க் குடிலை நான் காப்பாற்றியாக வேண்டும். எங்கள் காயை வாங்குவது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் சமையலறை. மருந்து அடித்த காய் அவர்களுக்கு ஆகாது. அடித்தால் வியாபாரம் போச்சு, அடிக்காவிட்டால் செடியே போச்சு.

செடியைப் பிடித்தது அசுவினி. தளிரின் அடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பச்சைப் பேன். அது போதாதென்று அதற்கு முந்தின வாரம் இலைக்கு இலை புழு வேறு. இரண்டு வரிசையை நான் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டைக் கொழுந்தனிடம் விட்டேன். அவர் லாரி ஓட்டுகிறவர், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். அண்ணன் படுத்துவிட்டார் என்றதும் லீவு போட்டு ஓடி வந்தவர்.

"ஒரு புழு விடாம நசுக்கிடுங்க தம்பி" என்றேன். "சரி அண்ணி" என்று குனிந்தவர் பொழுது சாயும்வரை நிமிரவில்லை. நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித்தேடி நசுக்கினேன்.

அன்று காலை பார்த்தால் என் வரிசைகளில் இலையெல்லாம் சுருண்டு, பிசுபிசுத்துக் கிடந்தது. அவர் வரிசை இன்னும் மோசமாக இருக்கும் என்று போய் ஓர் இலையைத் திருப்பினேன். தளதளவென்று இருந்தது. ஆனால் அதில் புழு இருந்தது. அடுத்த இலையிலும் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தம்பி, இங்க வாங்க. என்ன வேலை பாத்தீங்க? புழுவெல்லாம் குடும்பமே நடத்துது."

அவர் வந்து தரையைப் பார்த்தபடி நின்றார். "நான் எடுக்கவே இல்ல அண்ணி."

"அப்ப நாள் பூரா குனிஞ்சு என்ன பண்ணீங்க?"

"களை புடுங்கினேன். எனக்குப் புழுன்னா பயம். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவாரு."

திட்ட வாயெடுத்தபோதுதான் பார்த்தேன். கையில் இருந்த இலையில் என்னவோ நடந்துகொண்டிருந்தது. அந்தப் புழு அரிசியைவிடக் கொஞ்சம் நீளம். காலும் இல்லை, கண்ணும் இல்லை. ஒரு முனை கூர், மறுமுனை மொத்தை. பச்சைத் தோலுக்குள் குடல்கூடத் தெரிந்தது. கூர்முனையை இடமும் வலமும் வீசித் துழாவி, ஓர் அசுவினியில் பட்டதும் கவ்வி, அதை இலையிலிருந்து அப்படியே அந்தரத்தில் தூக்கியது. அசுவினி காலை உதறியது. புழு நிதானமாக உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போட்டது, மறுபடி துழாவியது. இலையில் ஒரு கடிகூட இல்லை.

டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் நசுக்கியதெல்லாம் என் ஆட்களையே. பூவுக்கு மேல் அசையாமல் மிதக்கிற கோடு போட்ட ஈயின் குஞ்சு அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்."

"திட்டுறீங்களா அண்ணி?"

"நிஜமாத்தான் சொல்றேன். நீங்க பயந்ததாலதான் இந்தக் குடில் பிழைச்சுது."

அந்தப் பருவம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை தவறாமல் காய் போனது. அதில் எனக்கு எவ்வளவோ நிம்மதி. ஆனால் நான் இன்றும் நினைத்துப் பார்ப்பது அன்று காலை அடுத்து நடந்ததைத்தான்.

அவர் வரிசையிலிருந்து புழு உள்ள இலைகளைக் கிள்ளித் தட்டில் அடுக்கி, என் செடிகளுக்குக் கொண்டுபோகக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே தட்டைப் பிடித்தார். பாதி வழியில் ஒரு புழு விளிம்பைத் தாண்டி அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போனது, நெற்றியெல்லாம் வியர்வை. நான் எடுத்துவிடக் கை நீட்டினேன்.

"வேணாம் அண்ணி, கீழ விழுந்துடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு என் வரிசைக்கு நடந்தார். அசுவினி மொய்த்த ஓர் இலையில் கட்டைவிரலை ஒட்டி வைத்து, அது தானாக இறங்கிப் போகும்வரை மூச்சுவிடாமல் நின்றார்.